மூவாயிரமாவது நாள்

துளசிமணியின் கீழ் இமைகளைச் சற்று இழுத்து, கண்ணுக்கு ஒன்றாக இரண்டு காகிதப் பட்டைகளைச் செருகி, "மூடிக்குங்க. அஞ்சு நிமிஷம். பேசலாம், கண்ணை மட்டும் திறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு மேஜைமேல் இருந்த டைமரைத் திருகியபோது, அந்த டைமரும் செல்வின் வாங்கி வந்ததுதான் என்ற நினைப்பு டாக்டர் வசுமதிக்கு வந்து தொலைத்தது. தக்காளி உருவத்தில் ஒரு டைமர். சிவப்பு உடம்பு, தலையில் பச்சைக் காம்பு. பதின்மூன்று வருடமாக இந்தக் கண்ணீர்ப் பரிசோதனையைச் செய்கிறாள். அதில் பத்து வருடம் கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் செய்தாள், ஒரு தடவைகூட நிமிடம் பிசகியதில்லை. ஆய்வு செய்ய இவன் துறைக்கு வந்தான், வந்த முதல் தீபாவளிக்கே எங்கோ பாத்திரக் கடையில் இந்தத் தக்காளியை வாங்கி வந்து வைத்தான், நோயாளிகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்தால் பாதிப் பயம் போய்விடும் மேடம் என்றான். போயும்விட்டது, அதுதான் கொடுமை. முன்பெல்லாம் பட்டையைக் கண்டாலே நாற்காலியோடு பின்னால் போன கிழவர்கள்கூட இப்போது தக்காளி எங்கே என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். ஒரு தக்காளி போதும் என்பது பத்து வருடமாக அவளுக்கு ஏன் தோன்றவில்லை? இந்த ஒரு கேள்வி வந்துவிட்டால் போதும், அப்புறம் அவளுக்கு வேலை ஓடாது.

துளசிமணி சமர்த்தாகக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கன்னத்திலும் வெள்ளைப் பட்டை தொங்கியது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்பவள், நாற்பத்தாறு வயது. எட்டு வருடத்துக்கு முன்னால் ரத்தப் புற்று வந்து, தங்கையின் எலும்பு மஜ்ஜையை வாங்கி ஏற்றிக்கொண்டு பிழைத்தாள். பிழைத்தது என்னவோ நிஜம். ஆனால் குடிவந்த தங்கையின் அணுக்கள் இருக்க இடம் கொடுத்த உடம்பையே அந்நியம் என்று நினைத்து அடிக்க ஆரம்பித்தன. முதலில் தோல், அப்புறம் வாய், இப்போது கண்ணீர்ச் சுரப்பி. வார்டில் இதற்கு நான்கு ஆங்கில எழுத்தில் ஒரு பெயர் உண்டு. துளசிமணி வைத்திருக்கும் பெயர் தங்கச்சி கோபம். "சின்னதுல இருந்தே அவளுக்கு என்ற மேல பொறாமைங்க டாக்டரம்மா," என்று இப்போதும் ஆரம்பித்தாள், உதடு மட்டும் அசைந்தது. "எனக்கொரு பாவாடை எடுத்தா அவளுக்கு ரெண்டு நாளைக்குச் சோறு எறங்காது. வெளிய இருந்த வரைக்கும் சமாளிச்சுப்போட்டேன். இப்ப உள்ளயே வந்து உக்காந்துட்டா, என்ன பண்றது?" வசுமதி உம் கொட்டினாள். பொறாமை என்ற சொல்லைக் கேட்டதும் காது சூடானது. இந்தப் பொம்பளைக்கு ஏதாவது தெரிந்திருக்குமோ என்று ஒரு கணம் பயந்தாள். தெரிய வழியே இல்லை. கண்ணைக்கூட மூடிக்கொண்டிருக்கிறாள்.

நல்லவேளை, மூடிக்கொண்டிருக்கிறாள். எதிரே இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டால் முகத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ளும் வேலை மிச்சம், நாலு நாளாக வசுமதியின் முகம் அவள் சொல்பேச்சு கேட்பதில்லை. சுவர்க் கடிகாரம் பதினொன்று ஐந்து காட்டியது. பதினொன்றரைக்கு ஆய்வுக் குழு கூடுகிறது. அதற்குள் செல்வின் ஒரு கடிதத்தோடு வருவான், துறையில் மூத்தவள் என்ற முறையில் அவள் கையெழுத்துப் போட வேண்டும், போட்டுவிட்டால் மூன்று வருடமாக அவன் பார்த்த ஆய்வு இன்றோடு மூடப்படும். காலையில் லிஃப்டில் பார்த்தபோதே சொல்லிவிட்டான். "முடிச்சிரலாம்னு இருக்கேன் மேடம். நம்பர் ஒத்து வரல. மனசு கேக்கல, ஆனா என்ன செய்ய?" என்றான், சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தான். முப்பத்தைந்து வயசில், கோயம்புத்தூர் வெயிலில், மூன்று வருட உழைப்பு மண்ணாகப் போகும்போது ஒருவன் லிஃப்டில் நின்று சிரிப்பதாவது? அவளாக இருந்தால் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்திருப்பாள். தோற்கிறபோதுகூட இவன் அழகாகத் தோற்கிறானே என்று அந்த லிஃப்டிலேயே அவளுக்கு வயிறு எரிந்தது. நாசரேத்துப் பக்கம் ஏதோ ஊர், அப்பா பள்ளிக்கூட வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடுவானாம், அதுவும் நன்றாகப் பாடுவானாம். எதையாவது மோசமாகச் செய்கிறானா என்று மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கார் ஓட்டத் தெரியாது, அவ்வளவுதான் கிடைத்தது.

அவன் ஆய்வு பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. மஜ்ஜை ஏற்றிய ஏழாம் நாள் ரத்தத்தில் குடலிலிருந்து கசியும் ஒரு புரதம் ஏறியிருந்தால், அந்த ஆளுக்குப் பிற்பாடு இந்த உள்வீட்டுச் சண்டை கடுமையாக வரும் என்பது அவன் யூகம். ஏழாம் நாளே தெரிந்துவிட்டால் மருந்தை முன்னாலேயே கொடுத்து அடக்கிவிடலாம், முப்பதாம் நாள் ரத்தமாகப் பேதியாகும்போது ஓடவேண்டியதில்லை. வார்டில் படுத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இது உயிர்ப் பிரச்சினை. அதற்கு வேண்டிய ரத்தம் முழுக்க வசுமதி சேர்த்துவைத்தது. ஒவ்வொரு ஆளுக்கும் ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை தினமும் ஒரு சின்னக் குழாய், எண்ணும் நாளும் எழுதி, மைனஸ் எண்பது டிகிரிப் பெட்டியில். எதற்கு என்று தெரியாமலே சேர்த்தாள். ஒருநாள் உதவும் என்று நினைத்தாள். உதவியது, அவனுக்கு. துறைத் தலைவர் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும், "வசுமதி கிட்ட களஞ்சியம் இருக்கு, செல்வின் கிட்ட கண்ணு இருக்கு," என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் தோசைக்கல்லின் முன்னால் நின்றுகொண்டு, களஞ்சியம் களஞ்சியம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். எலி ஓடுகிற இடத்துக்குப் பெயர் களஞ்சியம். கணவர் வந்து என்ன என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை, தோசை ஒட்டுகிறது என்றாள். ஐம்பத்தொரு வயசில், தன்னிடம் பிப்பெட் பிடிக்கக் கற்றுக்கொண்ட ஒருவனை நினைத்து வயிறெரிகிறது என்று எந்த வாயால் சொல்வது? வெட்கக்கேடு.

"டாக்டரம்மா, இருக்கீங்களா?" என்றாள் துளசிமணி. "இருக்கேன்." "சத்தமே காணோமுங்க." "எழுதிக்கிட்டிருக்கேன்." எழுதவில்லை. மேஜை இழுப்பறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இழுப்பறைக்குள் முதல் ஐந்து வருடத்துக் குழாய்க் கணக்கு எழுதிய நோட்டு இருக்கிறது, திங்கட்கிழமையிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது. திங்கட்கிழமை சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அலமாரியைத் திறந்து பழைய நோட்டுகளை எடுத்தாள். எதற்கு எடுத்தாய் என்று யாராவது கேட்டால் சரிபார்க்க என்று சொல்லலாம், சொன்னால் நம்புவார்கள். உண்மை என்னவென்றால் அவன் எங்காவது ஒரு தப்புச் செய்திருப்பான், அதைக் கண்டுபிடித்துக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் எடுத்தாள். கிடைத்தது. பழைய நோட்டு முதல் பக்கத்தில் அவள் கையெழுத்தில் 'நாள் 1: மஜ்ஜை ஏற்றப்பட்டது, காலை 11.10'. நாள் ஒன்று! ஊர் உலகத்தில் எல்லா ஆஸ்பத்திரியிலும் மஜ்ஜை ஏற்றிய நாள் பூஜ்யம், மறுநாள்தான் ஒன்று. புதிய நோட்டுகளில் அப்படித்தான் இருக்கிறது. முதல் ஐந்து வருடத்து நாற்பத்தொரு பேருக்கு மட்டும் கணக்கு ஒரு நாள் முன்னால் ஓடுகிறது. அவன் இது தெரியாமல் எல்லோருக்கும் ஏழு என்று எழுதிய குழாயை எடுத்திருக்கிறான், இந்த நாற்பத்தொரு பேருக்கு அது நிஜத்தில் ஆறாம் நாள் ரத்தம். ஆஸ்பத்திரி ஃபைலில் இருக்கும் தேதியோடு ஒரு தடவை ஒத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், பார்க்கவில்லை! வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு. அலமாரியைப் பூட்டி, படியில் இறங்கி, வெளியே வந்து, நாலு வருடமாகச் சர்க்கரை போடாமல் குடிப்பவள் சர்க்கரை போட்டு ஒரு காபி குடித்தாள்.

அந்தக் காபி வீடு போய்ச் சேரும்வரைகூடத் தாங்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது அவளுக்குள் இருந்த கணக்குக்காரி விழித்துக்கொண்டாள். ஆறாம் நாளில் அந்தப் புரதம் இன்னும் ஏறியிருக்காது, ஏழில்தான் ஏறும். அப்படியென்றால் நாற்பத்தொரு பேரும் ஒன்றுமில்லாதவர்கள் மாதிரி அவன் கணக்கில் படுத்திருக்கிறார்கள். அவர்கள்தான் அவனைக் கீழே இழுக்கிறார்கள். இப்படி ஒரு முடிவு தற்செயலாக வந்திருக்க நூற்றில் ஐந்துக்கும் குறைவான வாய்ப்பு இருந்தால்தான் குழு ஏற்கும், அவனுக்கு ஏழில் நிற்கிறது. எட்டு என்று எழுதிய குழாய்களை எடுத்து அளந்தால்? தப்பைத் திருத்தினால் அவன் விழமாட்டான், எழுந்து நிற்பான். வார்த்த பாலெல்லாம் புளியாகக் கரைந்தது. அன்றைக்கு அவள் ஏறவேண்டிய பேருந்து இரண்டு போய்விட்டன. எவ்வளவு பெரிய வஞ்சனை பாருங்கள், அவனைக் கவிழ்க்கக் கையில் எடுத்த கல் அவனுக்குப் படிக்கல்லாக இருக்கிறது, அந்தக் கல்லும் அவள் வீட்டுக் கல். தப்பு அவனுடையதுகூட இல்லை. ஐந்து வருடம் கழித்துத் தணிக்கைக்கு வந்த அம்மாள் இனிமேல் பூஜ்யத்திலிருந்து எண்ணுங்கள் என்று சொன்னபோது, பழைய நோட்டின் அட்டையில் ஒரு வரி எழுதிவைக்க வேண்டும் என்று வசுமதி நினைத்தாள். நாளைக்கு எழுதலாம் என்று வைத்தாள். அந்த நாளை வரவேயில்லை. அவன் ஏன் ஒத்துப்பார்க்கவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும், போன வருடமே யாரிடமோ சொன்னான், "வசுமதி மேடம் நோட்டுல தப்பு இருக்காதுங்க, கண்ண மூடிட்டு எடுக்கலாம்." கண்ணை மூடிக்கொண்டு எடுத்தான், பாவி.

புதன்கிழமை அவள் செய்ததை நினைத்தால் அவளுக்கே பிடிக்கவில்லை. உணவு இடைவேளையில் பெட்டியைத் திறந்து, எட்டு என்று எழுதிய மூன்று குழாய்களை எடுத்து, உருக்கி, அளந்தாள். இரண்டு பேர் நல்லபடியாக வீடு போனவர்கள், அவர்களுக்குப் புரத அளவு தரையில் கிடந்தது. மூன்றாவது வெள்ளிங்கிரி. தாராபுரத்து லாரி டிரைவர், பெரிய மீசை, மஜ்ஜை ஏற்றிய பத்தாம் நாள் இட்லி கேட்டுச் சாப்பிட்டார், எல்லோரும் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார்கள். முப்பத்தெட்டாம் நாள் குடல் முழுக்கப் புண்ணாகி இறந்துபோனார். அவர் மனைவி வசுமதியின் கையைப் பிடித்துக்கொண்டு, "முன்னாடியே தெரிஞ்சிருக்காதுங்களா?" என்று கேட்டாள், தெரிந்திருக்காது என்று வசுமதி சத்தியமாகச் சொன்னாள். புதன்கிழமை இயந்திரம் வெள்ளிங்கிரிக்குக் காட்டிய எண் மற்ற இருவரைப் போல ஆறு மடங்கு. முன்னாடியே தெரிந்திருக்கும். தெரிந்திருக்கும், இத்தனை வருடமும் அது அவள் பெட்டிக்குள்ளேயே ஒரு சுண்டுவிரல் குழாயில் உறைந்து கிடந்தது. அதைக் கண்டுபிடிக்க நாசரேத்திலிருந்து ஒருத்தன் வரவேண்டியிருந்தது. அவள் அழவேண்டிய இடம் அது. அழவில்லை, இவனுக்கு மட்டும் எப்படித் தோன்றியது என்றுதான் முதலில் நினைத்தாள், செத்தவரை இரண்டாவதாகத்தான் நினைத்தாள். அந்த வரிசைதான் இரண்டு நாளாக நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது.

சொல்லிவிடலாம். வந்ததும் சொல்லிவிடலாம். செல்வின், பழைய நோட்டில் நாள் தள்ளியிருக்கிறது, எட்டாம் குழாயை எடு. ஒரே மூச்சு. சொன்னால் அவன் சிரிப்பான், அப்படியா மேடம் என்று குதிப்பான், தலைவர் அவன் முதுகைத் தட்டுவார், கட்டுரையில் அவன் பெயர் முதலில், அவள் பெயர் எங்கேயோ நன்றிக்குக் கீழே. சொல்லாவிட்டால்? கடிதத்தில் கையெழுத்து, பத்து விநாடி வேலை, யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. ஆறு மாதம் கழித்து அவளே கண்டுபிடித்த மாதிரி கண்டுபிடிக்கலாம், எட்டாம் குழாய்களை அவளே அளக்கலாம், களஞ்சியத்துக்கும் கண் உண்டு என்று காட்டலாம். ஆறு மாதத்தில் மாடி வார்டில் எத்தனை பேருக்கு மஜ்ஜை ஏற்றுவார்கள்? ஒன்பது, பத்து. அதில் ஒரு வெள்ளிங்கிரி இருக்க மாட்டாரா? இருப்பார். இல்லாமலும் இருக்கலாம். பேருந்தில், குளியலறையில், தோசைக்கல் முன்னால், நாலு நாளாக இந்த இடம் வரைக்கும் வருகிறாள், வந்து திரும்பிவிடுகிறாள். கையெழுத்துப் போடமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டால் என்ன? ஏன் என்று கேட்பான். எங்கேயாவது ஓரிடத்தில் நாலு நாள் என்று சொல்லவேண்டி வரும். அதுதான் அடைக்கிறது. ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த புதிதில் செல்வின் ஒரு திருத்தச் சீட்டில் முந்தின நாள் பார்த்த தப்பை அன்றைக்குப் பார்த்ததாகத் தேதி போட்டான். அதற்காக அவனை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்து, "தப்புப் பண்ணலாம். தேதியில பொய் சொல்லக் கூடாது," என்று சொன்னவள் அவள். தக்காளி டைமர் டிக்டிக் என்று இரண்டு நிமிடத்துக்கு வந்திருந்தது.

கதவைத் தட்டிவிட்டு அவன் உள்ளே வந்தான். கையில் கடிதம், சட்டைப் பையில் பேனா, முகம் சவரம் செய்து பளிச்சென்று. "தொந்தரவு பண்ணலையே மேடம்? அக்கா, நல்லாருக்கீங்களா?" கண்ணைத் திறக்காமலே துளசிமணியின் முகம் முழுக்கச் சிரித்தது. வசுமதி உள்ளே வந்தபோது இந்தச் சிரிப்பு வரவில்லை. "செல்வின் தம்பிங்களா? அந்தத் தூக்குப்போசியத் தொறங்க. கச்சாயம் சுட்டுக் கொண்டாந்தேன். நேத்துக்கே வரச்சொன்னாங்க, நாந்தான் மாட்டேன்னு இன்னிக்கு வந்தேன். இன்னிக்கு எனக்கு மூவாயிரமாவது நாளுங்க!" அவன் தூக்குப்போசியைத் திறந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். வெல்ல வாசனை அறை முழுக்கப் பரவியது. கடிதத்தை மேஜைமேல் வசுமதியின் முன்னால் வைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் திறந்திருந்த துளசிமணியின் ஃபைலை எட்டிப் பார்த்தான். "அக்கா, ஏமாத்துறீங்களே. இங்க ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பதுன்னுல்லா போட்டிருக்கு. நாளைக்குச் சுட வேண்டிய கச்சாயத்த இன்னைக்கே சுட்டுட்டீங்க." வசுமதி பேனாவை எடுத்தாள். கடிதத்தின் அடியில் அவள் பெயர் அச்சடித்து, மேலே இடம் விட்டிருந்தது. இந்த இடத்தில்தான் அவள் வாய் திறந்திருக்க வேண்டும். திறந்தது என்றுதான் அவள் பிற்பாடு தனக்குச் சொல்லிக்கொள்வாள், செல் என்ற எழுத்து வரை நாக்கில் வந்தது என்றுகூடச் சொல்லிக்கொள்வாள். ஆனால் துளசிமணி முந்திக்கொண்டாள்.

"கம்ப்யூட்டருக்கு என்ன தம்பி தெரியும்? மஜ்ஜ ஏத்துன அன்னிக்குச் சாயங்காலம் நா பயந்து நடுங்கிட்டுக் கெடக்கறேன். டாக்டரம்மா வந்து கையப் புடிச்சு, துளசிமணி, இன்னிக்கு உனக்கு ஒண்ணுன்னு சொன்னாங்க. நோட்டுலயும் அப்படித்தான் எழுதுனாங்க, என்ற கண்ணால பாத்தேன். கொழந்த பொறந்தா பொறந்த அன்னிக்கே ஒண்ணுதானுங்களே. நாளைக்கா ஒண்ணு?" செல்வின் கச்சாயத்தை மெல்லுவதை நிறுத்தினான். வசுமதிக்கு அந்தச் சாயங்காலம் அப்படியே வந்தது. அந்த ஈரக் கை, ஜன்னலில் மழை. புதிதாக உயிர் வந்து படுத்திருக்கும் ஒருத்தியிடம் இன்றைக்கு உனக்குப் பூஜ்யம் என்று எப்படிச் சொல்ல முடியும்? நாற்பத்தொரு பேரின் கையையும் பிடித்து ஒன்று என்றுதான் சொல்லியிருக்கிறாள். அவள் தொழிலில் செய்த பெரிய தப்பு அதுதான், அவளுக்கென்று இருந்த தக்காளியும் அதுதான், அதை அவளே மறந்துபோயிருந்தாள். "மேடம்," என்றான் அவன், குரல் மாறியிருந்தது, "பழைய நோட்டு அலமாரியிலதான இருக்கு?" அலமாரியில் இருக்கிறது என்று சொன்னால் போவான், தேடுவான், பதினொன்றரை தாண்டிவிடும். வசுமதி இழுப்பறையைத் திறந்து நோட்டை எடுத்து அவனிடம் நீட்டினாள். கை தானாகச் செய்தது. அவன் முதல் பக்கத்தைப் பார்த்தான், இரண்டாவது பக்கத்தைப் பார்த்தான், பின்னால் புரட்டினான். "நாள் ஒண்ணு. எல்லாருக்கும் ஒண்ணு. அப்ப நான் எடுத்தது ஆறு..." பிறகு துள்ளினான். "அக்கா, நீங்க நல்லாருப்பீங்க! மேடம், எட்டாம் குழாய் நாப்பத்தொண்ணும் பெட்டியில இருக்குமா?"

"மூணாவது தட்டு, இடது பக்கம்," என்றாள் வசுமதி. "முப்பத்தெட்டு இருக்கும்." "மூணு எங்க மேடம்?" அவன் முகத்தில் சந்தேகம் துளிக்கூட இல்லை, கேள்விதான் இருந்தது. உடைந்துபோயிற்றா, வேறு எதற்காவது எடுத்தார்களா என்று எந்தப் பதிலைச் சொன்னாலும் வாங்கிக்கொண்டு போயிருப்பான். அந்த நம்பிக்கையைப் பார்த்தபோது அவளுக்கு அவன்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. கொடுப்பதற்கென்று அவளிடம் ஒன்றே ஒன்று இருந்தது. அதையும் ஒரு பனியன் கம்பெனிக்காரி கச்சாயத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டாள், அக்கா நல்லாருப்பீங்க என்ற வாழ்த்தும் அங்கே போய்விட்டது. துளசிமணியின்மேல்கூடப் பொறாமையாக இருந்தது. "நீங்க மட்டும் இதக் கவனிச்சிருந்தா எப்பவோ கூப்ட்டுச் சொல்லியிருப்பீங்க," என்றான் அவன், நோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. "திருத்தச் சீட்டு ஒண்ணு தாங்க மேடம், குழுவில காட்டணும். நோட்டு உங்களது, நீங்கதான் எழுதணும்." வசுமதி கடிதத்தை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சீட்டுப் புத்தகத்தை எடுத்தாள். தப்பு என்ன என்ற கட்டத்தில் எழுதினாள். எந்த நோட்டு என்ற கட்டத்தில் எழுதினாள். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள், எழுதியபோது ஒரு நொடி இனித்தது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. கண்டுபிடித்த தேதி என்று ஒரு கட்டம் இருந்தது. பேனா அங்கே நின்றது. திங்களைப் பூஜ்யம் என்று வைத்தால் இன்றைக்கு நாலாம் நாள், ஒன்று என்று வைத்தால் ஐந்தாம் நாள். எப்படி எண்ணினாலும் இன்றைக்கு இல்லை. இன்றைய தேதியைப் போட்டால் மூன்று குழாய்க்கும் ஏதோ ஒரு கதை சொல்லிக்கொள்ளலாம், அவன் நம்புவான், ஆயுசுக்கும் நம்புவான். அவள் திங்கட்கிழமைத் தேதியைப் போட்டு, கையெழுத்துப் போட்டு, கிழித்துக் கொடுத்தாள்.

அவன் படித்தான். தேதிக்கு வந்தபோது கண் நின்றது. அவளைப் பார்த்தான், ஓரமாகக் கிடந்த கடிதத்தைப் பார்த்தான், காலையில் லிஃப்டில் தான் சிரித்ததை நினைத்தானோ என்னவோ, முகம் மெல்லச் சிவந்தது. "திங்கக்கிழமையா மேடம்?" "திங்கக்கிழமைதான்." அவன் துளசிமணியைப் பார்த்தான். சீட்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தான். "சரிங்க மேடம்," என்றான். மூன்று வருடத்தில் அவன் சிரிக்காமல் இந்த அறையைவிட்டுப் போனது அதுதான் முதல் தடவை. கதவு சாத்திக்கொண்டது. வெளியே அவன் காலடிச் சத்தம் கொஞ்ச தூரம் நடந்து, பிறகு ஓட ஆரம்பித்தது. அவன் ஓட்டத்தைக் கேட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தொரு பேரில் வெள்ளிங்கிரியின் முகம் மட்டும் மீசையோடு வந்தது, முன்னாடியே தெரிஞ்சிருக்காதுங்களா என்று அந்தப் பெண் கேட்டது வந்தது, இந்தத் தடவை செல்வின் நடுவில் வரவில்லை.

தக்காளி கத்தியது. "ஆச்சுங்களா?" என்றாள் துளசிமணி. வசுமதி கையைத் துடைத்துக்கொண்டு, இமைகளை இழுத்து, பட்டைகளை எடுத்து அளவுகோலின்மேல் வைத்தாள். வலது இரண்டு மில்லிமீட்டர், இடது மூன்று என்று பரிசோதனை நோட்டில் எழுதினாள். நல்ல கண் என்றால் பத்துக்கு மேல் நனையும். துளசிமணி கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டித் திறந்தாள், சிவந்து உலர்ந்த கண்கள், மணல் விழுந்த மாதிரி அறுக்கும் என்பாள். வெளிச்சம் பழகியதும் வசுமதியின் முகத்தைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏனுங்க டாக்டரம்மா, அழுகறீங்களா?" வசுமதி இல்லை என்று தலையாட்டினாள், ஆட்டிய வேகத்தில் இரண்டு சொட்டு நோட்டின்மேல் விழுந்து, இப்போதுதான் எழுதிய எண்ணைக் கலைத்தது. துளசிமணி அந்த இரண்டு சொட்டையும் குனிந்து பார்த்தாள். பனியன் துணியில் ஓட்டை பார்க்கிற அதே கவனம். "என்ற அம்மா செத்தப்ப ஒரு சொட்டு வரலீங்க எனக்கு. நெஞ்சு வெடிக்குது, கண்ணு வறண்டு கெடக்குது. ஊர்சனமெல்லாம் கல்லு மனசுக்காரின்னு சொல்லிப்போட்டுது," என்றாள். தூக்குப்போசியை வசுமதியின் பக்கம் தள்ளிவைத்தாள். "அந்தப் பட்டைய உங்க கண்ணுல வெச்சிருந்தா முழுசும் நனஞ்சிருக்குமுங்க. என்னமோ போங்க, பாக்கப் பாக்க எனக்குப் பொறாமையா இருக்குது."